தமிழ் ஆளு வரலையா?

1

இதை எழுதுவதற்கு முன் அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் அனுமதி கேட்டேன். "எழுதிக்க. ஆனா என்னையப் பாவம்ங்கிற மாதிரி எழுதிப்புடாத" என்றாள். அந்த நிபந்தனையோடுதான் தொடங்குகிறேன்.

நான் கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறேன். துப்பினால் எச்சில் உறைகிற குளிர் என்று ஊரில் விளையாட்டாகச் சொல்வோமே, அது இங்கே உண்மை. அங்கே என்ன வேலை என்று ஊர்க்காரர்கள் கேட்டால் "ஆஸ்பத்திரியில" என்பேன். நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். இங்கிலீஷ் தெரியாத நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்வேன். இந்த ஊரில் தமிழர்கள் குறைவு. அதனால் மாதத்துக்கு நாலைந்து தடவைதான் அழைப்பு வரும். மற்ற நாட்களில் ஒரு மளிகைக் கிடங்கில் பில் போடுகிறேன்.

இந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. அறையில் யார் எதைச் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால் நானும் இங்கிலீஷில் "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, என்னைப் பற்றி நான் எதுவும் பேசக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் எனக்கு வருஷக்கணக்காகத் தொந்தரவு கொடுத்ததில்லை, போன பிப்ரவரி வரைக்கும்.

அன்றைக்கு அழைப்பு வந்தது ஒரு பெரியவருக்காக. பெயர் கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மகனோடு இருந்துவிட்டுப் போக வந்தவர். மகனுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை, வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். பெரியவருக்கு நாள்பட்ட சர்க்கரை. மரத்துப்போன காலோடு, வெறும் செருப்பு போட்டுக்கொண்டு, வாசல் பனியில் நின்றிருக்கிறார். புண் வந்ததே தெரியவில்லை. வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. எடுக்க வேண்டும். அதற்குச் சம்மதம் வாங்கும்போது சொந்தக்காரர்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால்தான் நான்.

உள்ளே போய், "வணக்கம்யா. டாக்டர் பேசுறதை உங்களுக்குத் தமிழ்ல சொல்ல வந்திருக்கேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"தமிழ் ஆளு வரலையா?"

"நான்தான்யா."

"ஏந்தாயி, இம்புட்டு நல்லாப் பேசுறியே, எங்க படிச்ச?"

நான் டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் இளைஞர், பொறுமையானவர். "பதில் சொல்லுங்கள், அவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கட்டும்" என்றார். விதியை மீறிச் சொன்னேன்.

"படிக்கலைங்கய்யா, வளந்ததே அருப்புக்கோட்டைதான். எங்கப்பாவுக்குத் திருச்சுழிப் பக்கம்."

இவ்வளவு தூரத்தில் இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் கேட்டால் யாருக்கும் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்தப் பக்கந்தான். என் ஊரு பேரு அந்தக் காகிதத்துல இருக்கும். அதைப் பாத்துட்டுச் சொல்லுற." குரல் தணிந்தது. "விரலை எடுக்கணும்னு ரெண்டு நாளாச் சொல்லுறாக. நான் ஒத்துக்கலை. அதுக்காக எங்க பக்கத்துப் பேச்சைச் சொல்லிக் குடுத்து ஒரு சீனாக்காரியக் கூட்டியாந்திருக்காக. கெழவனுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டாக. இவ தமிழச்சி இல்ல. இவளைப் போகச் சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். என் வாயால், என் குரலில், ஒரு சொல் பிசகாமல்: "இந்தப் பெண் தமிழச்சி இல்லை. இவளைப் போகச் சொல்லுங்கள்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று என்னிடம் சொன்னார். அறையில் சொல்லப்பட்ட எதையும் விடக் கூடாதே. அதையும் தமிழில் சொன்னேன். கருப்பையா அது தனக்குச் சொன்னதென்று நினைத்து, "பரவாயில்ல, வேற ஆளை அனுப்புங்க" என்றார்.

2

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா அஞ்சலை மலேயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தாள். அங்கே ஏற்கெனவே பெண் குழந்தைகள் நிறைய. கண் விழித்து யாரையும் அடையாளம் கண்டுகொள்கிற வயதுக்கு முன்பே ரப்பர் தோட்டத்தில் பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே இப்படி நடப்பதுண்டு. அம்மாவுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மாரியம்மனுக்குத் தீ மிதித்திருக்கிறாள். கனவில் பேசினாலும் தமிழ்தான். திருச்சுழிப் பக்கத்திலிருந்து மாமன் கடையில் வேலை பார்க்கப் போன என் அப்பா அவளைக் கட்டிக்கொண்டார். எனக்கு நாலு வயதாகும்போது ஊருக்குத் திரும்பினோம்.

அப்பாவின் அண்ணன் தம்பிகள் மிளகாயும் பருத்தியும் போடுகிற காட்டுக்காரர்கள். அடித்து விரட்டவில்லை. ஒரே பந்தியில் சோறும் போட்டார்கள். ஆனால் கோயில் கொடையன்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அம்மாவின் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அப்பா டவுனுக்குப் போவதென்று முடிவு செய்தார். அருப்புக்கோட்டையில் சைக்கிள் சாமான் கடை வைத்தார். அந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயர் "சீனத்தி வீடு."

காய்கறிக்காரி அம்மாவிடம் விலையை விரலில் காட்டுவாள். அம்மா, "வாயால சொல்லு ஆத்தா, எனக்குக் காது கேக்கும்" என்பாள். காய்கறிக்காரி ஒவ்வொரு முறையும் கிளி பேசியதைப் போலச் சிரிப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திருச்சுழி. அங்கதான் வாக்கப்பட்டிருக்கேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எதிர்வீட்டில் தறிக்காரக் குடும்பம். வெளியில் தமிழ், கதவைச் சாத்தினால் தெலுங்கு. அந்த வீட்டுச் சரோஜா அக்கா ஒருநாள் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நாங்க எந்தக் காலத்துலயோ வந்தமாம், இன்னும் வீட்டுக்குள்ள தெலுங்குதான். எங்களை ஒருத்தரும் கேக்குறதில்ல. உங்களுக்குத் தமிழை விட்டா வேற பேச்சே கெடையாது. உங்களைப் போயிக் கேக்குறாக பாருங்க." அம்மா சிரித்தாள். சரோஜா அக்கா சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தாய்மொழி என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது தமிழ் என்றேன். வகுப்பு சிரித்தது. கேட்ட டீச்சரும் சிரித்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டார். கல்யாணமாகி, பக்கத்து ஊரான பாலவனத்தத்துக்காரர் என் கணவரோடு கனடாவுக்கு விமானம் ஏறியபோது, யாருக்கும் யாரையும் தெரியாத இடத்துக்குப் போகிறோம், இனி இந்தக் கேள்வி இருக்காது என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

3

வின்னிபெக்கில் பிலிப்பைன்ஸ் மக்கள் நிறைய. கடையில் பில் போடும் பெண்கள் என்னைக் கண்டதும் அவர்கள் மொழியில் நலம் விசாரிப்பார்கள். எனக்குத் தெரியாது என்றால், ஊரை மறந்தவளைப் பார்ப்பதுபோல வருத்தத்தோடு பார்ப்பார்கள். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர், நான் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவள், யாருடைய மகள் என்று விசாரித்தார். திருச்சுழியில் கேட்கிற அதே கேள்வி, அதே தோரணை. இந்தியா என்றேன். நம்பாமல் தலையாட்டினார்.

இவர்கள் கேட்பது எனக்கு வலித்ததில்லை. வலித்தது தமிழ் மக்களின் பொங்கல் விழாவில். புதிதாக வந்த ஒரு தம்பதி தட்டோடு என்னிடம் வந்து, அரிசியும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் பலகாரம் இது என்று இங்கிலீஷில், மெதுவாக, பொறுமையாக விளக்கினார்கள். என் கணவர் பக்கத்திலிருந்து, "அதைக் கிண்டினதே இவுகதான்" என்றார். அவர்கள் வெட்கப்பட்டு விலகிவிட்டார்கள். அதன்பின் சாப்பிடத்தான் முடியவில்லை.

கருப்பையா என்னைத் திருப்பி அனுப்பிய அதே வாரம், மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தமிழர் அல்லாத ஒருவரை அனுப்பிவிட்டதாக நோயாளியின் மகன் புகார் கொடுத்திருக்கிறார். ஆகவே தமிழ் என் தாய்மொழிதான் என்பதை மறுபடி ஒரு தேர்வு வைத்து உறுதிசெய்யும்வரை எனக்கு வேலை தர இயலாது. வருந்துகிறோம். மிக மரியாதையான கடிதம். தாய்மொழி என்ற சொல்லை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததில்லை. என் தாயிடமிருந்து எனக்குக் கிடைத்ததில் கேள்விக்கு இடமில்லாதது அந்த மொழி ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

என் மகன் கவினுக்குப் பதினாறு வயது. அச்சு அசல் என் அம்மா முகம். கடிதத்தை எட்டிப் படித்துவிட்டுச் சொன்னான்.

"ஏம்மா கஷ்டப்படுற? பிலிப்பைன்ஸ்னு சொல்லிட்டுப் போயிரலாம்ல. நான் அப்படித்தான் சொல்றேன்."

"எங்க சொல்ற?"

"ஸ்கூல்ல. பாஸ்கெட்பால் டீம்ல பாதிப் பேர் அவங்கதான். முதல் நாளே என்னையும் சேத்துக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல."

"கண்டுபிடிச்சுட்டா?"

"யாரும் கேக்கவே மாட்டாங்கம்மா. அதான் நல்லா இருக்கு. அம்மாச்சி முகம் எனக்கு யூஸ்ஃபுல்லா இருக்கு."

கோபப்பட வாய் திறந்தேன். பிறகு மின்னஞ்சலை மூடினேன். யாரும் கேட்காத ஓர் இடம். நான் விமானம் ஏறியது அதைத் தேடித்தான். பையன் அதை ஒரு பொய்யில், அதுவும் வாய் திறக்காமல் சொன்ன பொய்யில், கண்டுபிடித்திருக்கிறான். அவன் நண்பன் வீட்டில் அந்தத் தாய் தன் பிள்ளை என்றே அவனுக்குச் சோறு போடுகிறாளாம். அன்றிரவு அவனுக்குத் தோசை ஊற்றும்போது, இவன் எத்தனை வீட்டுப் பிள்ளை என்று கலக்கமாக இருந்தது.

தேர்வு போனில் நடந்தது. வேறு நகரத்திலிருந்து ஓர் ஆண் குரல். நோய்ப் பெயர்கள், உறுப்புப் பெயர்கள், ஒரு விபத்தைப் பற்றிய உரையாடல். முடிந்ததும் அவர், "தமிழ் அருமையா இருக்கும்மா. மதுரைக்குத் தெக்கயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு முன்னாடி எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. பேச்சு முடிந்த பிறகும் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

4

தேர்ச்சி பெற்றுவிட்டதாகச் சொல்லி, முதலில் தந்த அழைப்பே போன் வழியாக மொழிபெயர்க்கத்தான். டாக்டரின் குரல் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. அவர் சொன்ன விவரமும் அதேதான். வலது கால், சர்க்கரை. இடையில் மகன் வரட்டும், வேறு ஆள் வரட்டும் என்று நாட்கள் போயிருக்கின்றன. இப்போது இரண்டு விரல்கள் போதாது, பாதத்தில் பாதியை எடுக்க வேண்டும். முன்பே எடுத்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை எனக்காகச் சொன்னாரா பெரியவருக்காகச் சொன்னாரா தெரியாது. இருவருக்குமாக மொழிபெயர்த்தேன்.

கால் மரத்துக் கிடக்கிறதா என்று டாக்டர் கேட்டதைச் சொன்னதற்குக் கருப்பையா ஆமாம் என்றார். பிறகு, "நீ எந்த ஊருத்தா?" என்றார்.

"என்னையப் பத்திச் சொல்லக் கூடாதுங்கய்யா. இங்க சட்டம் அப்படி."

"சொல்லாட்டி என்ன? காது இருக்குல்ல. அருப்புக்கோட்டைக்குக் கெழக்க எங்கயோ. கால் மரத்துக் கெடக்குதான்னு கேட்ட பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு." பெருமூச்சு விட்டார். "முந்தி ஒருத்திய அனுப்புனாக. சீனாக்காரி. நம்ம பேச்சை அப்படியே பேசுறா. எனக்குப் பயமாப் போச்சு தாயி. பேய் வந்து பேசுற மாதிரி இருந்துச்சு."

அதையும் டாக்டருக்குச் சொன்னேன். என் குரலை அவர் கண்டுகொண்டுவிட்டார். குரலைத் தணித்து, "தொடரலாமா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். நான் தமிழில், "தொடரலாமா?" என்றேன்.

"தொடரலாம் தாயி" என்றார் கருப்பையா.

எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு எடுப்பார்கள், எப்படி நடக்க முடியும், எடுக்காவிட்டால் என்ன ஆகும். அவர் குறுக்கே குறுக்கே ஊர்க் கதை பேசினார். மிளகாய் எடுப்பு நடக்கிற நேரமாம், ஆள் கிடைக்கிறார்களோ என்னவோ. பிறகு சம்மதித்தார்.

"நீ சொல்லுறதுனால ஒத்துக்கிறேன்."

"நான் சொல்லலைங்கய்யா. டாக்டர் சொல்லுறாரு."

"அவரு சொல்லுறது இத்தனை நாளாக் காதுல விழுந்துச்சு. நெஞ்சுல விழுகலை."

நான்தான் அந்தச் சீனாக்காரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுபடி சூது என்று நினைப்பார், கால் இன்னும் அழுகும். அதனால் சொல்லவில்லை. உண்மையில் அது மட்டும் காரணமில்லை. அந்த அரை மணி நேரமும் நான் சந்தேகத்துக்கு இடமில்லாத தமிழச்சியாக இருந்தேன். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

போனை வைக்கப் போகும்போது அவர் சொன்னார்: "ஆபரேசன் அன்னைக்கு நீ நேர்ல வரணும் ஆத்தா. நீ இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

5

அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கூட்டத்திலும் முகத்தை மறைக்காதவள் அவள். தைரியமாகப் போ என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"போகாத" என்றாள்.

"ஏம்மா?"

"போன்ல நல்லாத்தான இருந்துச்சு. அப்படியே விட்டுரு. நான் இப்பல்லாம் மளிகை, காய்கறி எல்லாம் போன்ல சொல்லித்தான் வாங்குறேன். கடைக்காரப் பையன் வாசல்ல வச்சுட்டுப் போயிருவான். போன்ல பேசினா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்குறதில்ல."

மூட்டுவலி என்றுதான் இத்தனை நாள் எனக்குச் சொல்லியிருந்தாள். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். "உங்கப்பா போனதுலருந்து" என்றாள். அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்தப் பெண் கடைத்தெருவுக்கே போவதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் மனதில் தங்கவில்லை.

போவதென்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அந்த நாள் காலையில் நான் போனபோது கருப்பையாவை ஆபரேஷனுக்குத் தயார் செய்து படுக்க வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. "திரும்பவும் இவளா" என்றார். டாக்டருக்கு அதைச் சொன்னேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன்.

"ஐயா, போன்ல பேசினது நான்தான்."

அவர் என் வாயையே பார்த்தார்.

"இன்னொருக்கச் சொல்லு."

"போன்ல பேசினது நான்தான்யா. மொளகா எடுப்புக்கு ஆளு கெடைக்குதோ என்னமோன்னு சொன்னீகளே."

அவர் கண்ணை மூடினார். "இப்பச் சொல்லு."

மறுபடி சொன்னேன். மூடிய கண்ணோரம் ஈரமாயிற்று. "அவதான்" என்றார், யாரிடமோ சொல்வதைப் போல. பிறகு, "கண்ணைத் தொறந்தா நம்ப முடியலை தாயி. மூடிக்கிறேன். கோவிச்சுக்காத."

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். "கண்ணைத் திறந்தால் என்னால் நம்ப முடியவில்லை. மூடிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போது அது என்னுடைய வாக்கியம் போலவே இருந்தது.

அதன்பிறகு எல்லாமே கண் மூடியபடிதான். மயக்க மருந்து கொடுப்பவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு அவர் கையை நான் கொண்டுபோய் வைத்தேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டார். "கூடவே பேசிக்கிட்டு வா" என்றார். நடைபாதை முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். கதவு வரைக்கும்தான் எனக்கு அனுமதி.

அது மரியாதையா, அவமானமா என்று வெளியே உட்கார்ந்து யோசித்தேன். என் குரலை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்கு என் முகம் இல்லாமல் போக வேண்டியிருந்தது. ஆனால் பிடித்த கையை அவர் விடவில்லை. இரண்டும் உண்மை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிகிற நேரத்தில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், வாருங்கள் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிலிப்பைன்ஸ்காரியான நர்ஸ் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் நான். கருப்பையா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். உதடு வறண்டிருந்தது. மகன் வீட்டில் பழகிய ஒன்றிரண்டு சொற்களைத் தேடி எடுத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வாட்டர், சிஸ்டர். ப்ளீஸ்."

நர்ஸ் ஐஸ் துண்டை எடுக்கத் திரும்பினாள். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.